கேனின் அடியில் ஒரு கரண்டித் தண்ணீர்

கோடியக்கரைக் கடற்கரையில் இன்னும் விடியவில்லை. மணலில் குந்தியிருக்கும் பெரியவர் ஒருவர், பிளாஸ்டிக் குடிநீர் பாட்டிலை டார்ச் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். பாட்டிலில் பாதி அளவுக்கு மண்ணெண்ணெய். நன்றாகக் குலுக்கி மணலில் ஊன்றி வைக்கிறார். ஒரு பீடி குடிக்கும் நேரம் காத்திருக்கிறார். பீடி மட்டும் மடியிலேயே இருக்கிறது. பக்கத்தில் எண்ணெய் கேன் திறந்து கிடக்கும்போது பற்றவைக்க அவருக்கு என்ன பைத்தியமா?

மறுபடி பாட்டிலைத் தூக்கிப் பார்க்கிறார். அடியில் கண்ணாடி மணிகள்போல நான்கைந்து சொட்டுகள் உருளுகின்றன.

"ஊத்தாத மாப்ளே."

படகில் நின்ற இளைஞர், கையில் இருந்த கேனை ஒரு வார்த்தை பேசாமல் கீழே இறக்கி வைக்கிறார். பக்கத்துப் படகுகள் ஒவ்வொன்றாக அலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கின்றன. இவர்களுக்கு அரை மணி நேரம் தாமதம். மீன்பிடித் தொழிலில் அரை மணி நேரம் என்பது சில நாள் ஒரு கூடை மீன். இருந்தாலும் அந்தப் படகில் யாரும் முணுமுணுக்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் பத்து கிலோமீட்டர் சொச்சம். வழியில் அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்து உப்பு அள்ளிய மண் இது. உப்பளம் தாண்டினால் காடு. 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டில் வெளிமான்களும் யாரும் வளர்க்காத குதிரைகளும் மேய்கின்றன. பருவம் வந்தால் பூநாரைகள். சுற்றுலா வருகிறவர்கள் மானைப் பார்த்து, ராமர் பாதம் ஏறி இறங்கி, கலங்கரை விளக்கத்தின் முன் போட்டோ எடுத்துக்கொண்டு மாலைக்குள் திரும்பிவிடுவார்கள். 2018 நவம்பரில் வந்த கஜா புயல் இந்தக் காட்டை மொட்டையடித்துப் போனதையும், பிறகு அது மெல்லத் துளிர்த்ததையும் வழிகாட்டிகள் சொல்வார்கள்.

கடற்கரையில் நடக்கிற இன்னொரு வாழ்க்கை பலர் கண்ணில் படுவதில்லை. அக்டோபரிலிருந்து மார்ச் வரை இங்கே மீன்பிடி சீசன். வெவ்வேறு ஊர்களிலிருந்து மீனவர்கள் படகோடும் வலையோடும் வந்து, கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். காலா, வாவல், நண்டு என்று வலையில் விழுவது நாளுக்கு நாள் மாறும். கொட்டகை ஓரத்தில் ஒரு அடுப்பு, கயிற்றில் உலரும் கைலிகள், மணலில் வரிசையாகப் பைபர் படகுகள். சில படகுகளில் டீசல் இன்ஜின். மற்றவற்றின் பின்பக்கப் பலகையில் அவுட்போர்டு மோட்டார் மாட்டியிருக்கும்.

தமிழகக் கரை வடக்கிலிருந்து நேராக இறங்கிவந்து சட்டென்று மேற்கே மடங்கும் முனைதான் கோடியக்கரை. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. இங்கிருந்து கடல்மேல் தெற்கே போனால் ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இந்திய இலங்கை எல்லைக்கோடு. 1974-ல் இரு நாடுகளும் வரைந்த கோடு அது. தண்ணீரில் அது தெரியாது. ஜிபிஎஸ் கருவியின் திரையில்தான் தெரியும். சீசன் மாதங்களில் அடிப்பது வாடைக் காற்று. ஓட்டம் நின்ற படகை அது தெற்காகவும் தென்மேற்காகவும் தள்ளும். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் பத்து மணி நேரத்தில் இருபது கிலோமீட்டர். கோட்டைத் தாண்டிப் போன படகுக்குக் கைது, வழக்கு, படகு பறிமுதல். தாண்டாமல் இந்தப் பக்கமே நின்றாலும் நிம்மதி இல்லை. கோடியக்கரைக்குத் தென்கிழக்கே இன்ஜின், வலை, ஜிபிஎஸ், வாக்கி டாக்கி எல்லாவற்றையும் கொள்ளையர்களிடம் பறிகொடுத்துத் திரும்பிய மீனவர்களின் செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருவதுதான்.

அதனால் இந்தக் கரையில் "இன்ஜின் நின்னு போச்சு" என்பதற்கு அர்த்தமே வேறு. சாலையில் பைக் நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம்.

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குக் கோடிக்கரை என்றதும் பூங்குழலி நினைவுக்கு வருவாள். வந்தியத்தேவனை ஏற்றிக்கொண்டு ஈழத்துக்குத் துடுப்புப் போட்டாளே, அதே கடல்தான். அவளுக்குக் கார்புரேட்டர் கவலை இருந்ததில்லை. துடுப்புக்குப் பதில் மோட்டார் வந்ததற்கும் ஒரு காதல் கதை சொல்கிறார்கள். அமெரிக்காவில் குடியேறிய நார்வேக்காரர் ஓலே எவின்ரூட், கோடை நாளில் காதலிக்காக ஏரியின் மறுகரைக்குத் துடுப்புப் போட்டுப்போய் ஐஸ்க்ரீம் வாங்கிவந்தாராம். திரும்புவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த ஏக்கத்தில்தான் படகின் பின்னால் மாட்டும் மோட்டாரைப் பற்றி யோசித்தார் என்பார்கள். ஐஸ்க்ரீம் எப்படியோ, 1909-ல் அவர் செய்த மோட்டார்தான் நன்றாக விற்று உலகம் சுற்றியது. ஆங்கிலத்தில் சிறு படகுக்குச் சொல்லும் டிங்கி என்ற சொல் நம் நாட்டிலிருந்து, வங்காளத்து ஆற்றுப் படகுகளின் பெயரிலிருந்து போனது. சொல் போனது, மோட்டார் வந்தது.

நம் கரைகளில் இந்த மோட்டாரைப் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓட்டுகிறார்கள். ஆனால், குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரை நெருங்கும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றித்தான் அணைக்க வேண்டும். மாற்றாமல் அணைத்தால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும். ஆக, ஒரு படகில் இரண்டு கேன்கள். சிறியதில் பெட்ரோல், பெரியதில் மண்ணெண்ணெய்.

வாடைக் காற்றும் ஐந்து நாட்டிக்கலும்

பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாரே அந்தப் பெரியவர், அவரும் அவருடைய தங்கை மகனும் அதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஒரு விடியலை நடுக்கடலில் கழித்தார்கள். கூட இன்னும் இருவர். இரவெல்லாம் வலை போட்டு, கிழக்கு வெளுக்கத் தொடங்கியபோது வாங்கி முடித்திருந்தார்கள். பாடு நன்றாகவே இருந்தது. ஐஸ் பெட்டியில் பாதிக்கு மேல் காலா. மருமகன் பெட்ரோலில் இன்ஜினைக் கிளப்பினார். ஒரே இழுப்பில் கிளம்பியது. சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். படகு வேகமெடுத்து, இரண்டு மூன்று அலைகளில் ஏறி இறங்கியது. இன்ஜின் இருமியது. ஒருமுறை கனைத்தது. நின்றுவிட்டது.

மறுபடி இழுத்தார். கிளம்பி, பத்து எண்ணுவதற்குள் நின்றது. அடுத்த முறை அதுவும் இல்லை. இருபத்து மூன்று வயது உடம்பு. விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தார்.

"கயித்த விடு மாப்ளே. நீ இழுக்க இழுக்க அது தண்ணியத்தான் உள்ள இழுக்குது. முதல்ல நங்கூரத்தப் போடு."

இன்ஜினைத் தொடும் முன் நங்கூரம். இதை எந்தக் கையேட்டிலும் முதல் பக்கத்தில் போடலாம். பாக் நீரிணை ஆழமில்லாத கடல். அவர்கள் நின்ற இடத்தில் ஆறேழு பாகம் இருக்கும், அதாவது நாற்பது அடி அளவு. நங்கூரம் தரை பிடித்தது. படகு மூக்கை வாடைக்குத் திருப்பிக்கொண்டு நின்றது. ஜிபிஎஸ் திரையில் எல்லைக்கோடு ஐந்து நாட்டிக்கல் தள்ளி இருந்தது. நாற்பது நிமிடம் முன்பு அது ஆறாக இருந்தது.

பெரியவர் இன்ஜின் மூடியைக் கழற்றவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். பெட்ரோலில் நன்றாக ஓடியது, மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் நின்றது. அப்படியானால் பிளக்கில் குறை இல்லை, காயிலில் குறை இல்லை. கோளாறு பெரிய கேனில். ஓசைப்படாமல் நின்ற இன்ஜினின் வயிற்றை, அது நின்ற விதத்தை வைத்தே படித்துவிட்டார். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட படகுக்காரர்கள் பலருக்கு இந்த வைத்தியம் வரும். பட்டறைக்குப் போய்க் கற்றதில்லை.

காலி பாட்டிலில் கேனின் அடிமட்டத்து எண்ணெயைப் பிடித்தார்கள். இரண்டு நிறமும் ஒன்றுபோல இருந்ததால் மங்கல் வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை. படகிலிருந்த மூன்றாமவர் சமையல் பையிலிருந்து கேசரிப் பவுடர் பொட்டலத்தை எடுத்து ஒரு சிட்டிகை போட்டார். கேசரிப் பவுடர் மண்ணெண்ணெயில் கரையாது, தண்ணீரில் மட்டும்தான் கரையும். பொடி எண்ணெய்க்குள் அப்படியே இறங்கி அடியைத் தொட்டதும், இரண்டு விரற்கடை உயரத்துக்குச் செக்கச் செவேல் என்று நிறம் விரிந்தது.

மருமகன் முகம் சுருங்கிப்போனது. முந்தின நாள் கேனில் எண்ணெய் நிரப்பியது அவர்தான். மழை பெய்த இரவில் அதை வெளியிலேயே விட்டதும் அவர்தான். கிளம்புகிற அவசரத்தில் பாட்டில் சோதனையைத் தாண்டிப் போனதும் அவர்தான். மாமா அப்போது எதுவும் கேட்கவில்லை.

மூடியிருந்த கேனுக்குள் மழைத் தண்ணீர் எப்படிப் போனது? கேனின் தலைப்பகுதியில் மூடியைச் சுற்றி ஒரு பள்ளம் உண்டு. அதில் மழைநீர் குளம்போலத் தேங்கும். பகல் சூட்டில் கேனுக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவுக் குளிரில் சுருங்கும்போது வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சும். மூடியின் மரைகளில் தண்ணீர் நின்றால் தண்ணீரையே உறிஞ்சிக்கொள்ளும். அரைக் கேன் காலியாக இருந்தால் உள்ளே காற்று அதிகம், உறிஞ்சுவதும் அதிகம். மழையே இல்லாவிட்டாலும் ஈரக்காற்று உள்ளே போய், சுவரில் வியர்த்து இறங்கும். புனல் கழுவிய ஈரம், அலை தெறித்த துளி என்று வழிகள் இன்னும் உண்டு.

தண்ணீர் மண்ணெண்ணெயைவிட கனமானது, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது. கரையில் நிற்கும்போது குழாய் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே சாதுவாகக் கிடக்கும் தண்ணீர், படகு அலையில் குதித்ததும் கலங்கி மேலே வரும். அதனால்தான் கரையில் சோதித்தபோது நல்லபிள்ளையாக ஓடிய இன்ஜின் நடுக்கடலில் நிற்கிறது. கார்புரேட்டரின் கிண்ணத்திலும் அதே கதை. அங்கே எண்ணெய் பாயும் ஜெட் என்ற பித்தளைத் துண்டில் இருக்கும் துளை, ஊசிக் காதைவிடப் பெரிதல்ல. ஒரு சொட்டுத் தண்ணீர் அதன் வாயில் உட்கார்ந்துகொண்டால் போதும், பின்னால் எண்ணெய் வர வழி இல்லை.

கயிறு, குழாய், ஒரு பழைய பனியன்

நடுக்கடலில் வேலை ஆரம்பமானது. பெரிய கேனை ஒரு மூலையில் சாய்த்து, வலையை அண்டக்கொடுத்து அசையாமல் நிறுத்தினார்கள். தண்ணீர் அந்தத் தாழ்ந்த மூலைக்குப் போய்ச் சேரும். எண்ணெய்க் குழாயில் இருக்கும் ரப்பர் பம்ப்பை அமுக்கி, மேல்மட்டத்து எண்ணெயை மட்டும் பழைய பனியன் விரித்த வாளிக்கு மாற்றினார்கள். பனியன் துரும்பையும் மணலையும் பிடிக்கும். தண்ணீரைப் பிடிக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அதற்குப் பொறுமைதான் வடிகட்டி. வாளியிலிருந்து மறுபடி பாட்டில், மறுபடி கேசரிப் பவுடர். நிறம் விரியாத எண்ணெய் மட்டும் காலி கேனுக்குள் போனது. கீழே நின்ற மூன்று நான்கு லிட்டரை மருமகன் கடலில் கொட்டப் போனபோது பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கும் இங்கதானே மீன் புடிக்கணும்?" அது மூடி போட்ட டப்பாவில் கரைக்கு வந்தது.

அடுத்தது கார்புரேட்டர். கிண்ணத்தின் அடியில் ஒரு சிறிய திருகு இருக்கிறது. அதைத் தளர்த்தினால் உள்ளே தேங்கியது வெளியே வரும். திருகு கடலில் விழுந்தால் கதை முடிந்தது. அதனால் கீழே துணியை விரித்துத்தான் கையை வைப்பார்கள். முதலில் வந்தது தண்ணீர், பிறகு கலங்கல், பிறகு சுத்தமான எண்ணெய். ஜெட்டைக் கழற்றி, கம்பி எதையும் விடாமல் வலை நரம்பின் ஒரு துண்டை நுழைத்து எடுத்து, வாயால் ஊதினார் பெரியவர். இரும்புக் கம்பி துளையைப் பெரிதாக்கிவிடும், நைலான் நரம்பு ஒன்றும் செய்யாது. பிளக்கைக் கழற்றித் துடைத்தார்கள். கயிற்றை மெதுவாக நாலைந்து முறை இழுத்து, சிலிண்டருக்குள் இருந்த ஈரத்தை வெளியேற்றினார்கள். அந்த நேரத்தில் பிளக் ஒயரை எண்ணெய் ஆவியிலிருந்து தள்ளி, மாட்டி வைக்க வேண்டும். ஒரு பொறி போதும், தண்ணீர்ப் பிரச்சினை தீப் பிரச்சினை ஆகிவிடும்.

இதற்குள் மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. தொலைவில் சாம்பல் நிறக் கப்பல் ஒன்று தெரிந்தது. எந்த நாட்டுடையது என்று சொல்ல முடியாத தூரம். நால்வரும் அதைப் பார்த்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வாக்கி டாக்கியில் பக்கத்துப் படகுகளுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் கிளம்பாவிட்டால் கயிறு போட்டு இழுக்க ஆள் வரும். செல்போன் சிக்னல் எட்டும் தூரமாக இருந்தால், கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணையும் இந்தக் கரையில் பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

பெட்ரோலில் கிளப்பினார்கள். ஓடியது. நன்றாகச் சூடேறட்டும் என்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் விட்டு, மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். ஒரு இருமல். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு சத்தம் சீரானது. முழு வேகம் கொடுக்காமல், பாதி வேகத்திலேயே கரை வந்து சேர்ந்தபோது ஏலம் முடிந்து வியாபாரிகள் போயிருந்தார்கள். ஐஸ் உருகிய பெட்டியிலிருந்த காலா, கிடைத்த விலைக்குப் போனது.

கரையில் இன்ஜினைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்கள். கடலிலேயே ஓடியதே, பிறகு எதற்கு? தண்ணீர் உள்ளே போன இன்ஜின் ஓடிவிட்டது என்பதற்காகச் சும்மா விடக் கூடாது என்பது மெக்கானிக்குகளின் முதல் பாடம். இந்த ரக மோட்டார்களில் இன்ஜினுக்கான ஆயில், எரிபொருளோடு கலந்தே உள்ளே போகிறது. தண்ணீர் போகும் இடத்தில் ஆயில் போவதில்லை. பேரிங்குகளில் துரு பிடிக்கும். போனது உப்புத் தண்ணீராக இருந்தால், கார்புரேட்டரில் வெள்ளைப் பொருக்கு கட்டி, ஒரு வாரத்தில் ஜெட் அடைத்துக்கொள்ளும். அன்றைக்கே கழற்றிச் சுத்தம் செய்தால் சில நூறு ரூபாயில் முடியும். விட்டுவிட்டால் பிஸ்டன் வரைக்கும் செலவு வைக்கும்.

மெக்கானிக்குகள் இப்போது கவலையோடு பேசுவது பெட்ரோல் கேனைப் பற்றி. பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் தண்ணீரோடு ஒட்டி உறவாடும் சரக்கு. கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் தன்னுள் இழுத்து மறைத்துக்கொள்ளும். பாட்டிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அளவு மீறியதும் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து, தனி அடுக்காக அடியில் இறங்கிவிடும். கலந்து வைத்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். குழாயோ அடியிலிருந்து உறிஞ்சுகிறது. ஆயில் இல்லாத சரக்கு உள்ளே போனால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிரிந்துபோன பெட்ரோலைக் குலுக்கிக் கலக்கிவிடலாம் என்று நினைப்பது வீண். அதனால் பெட்ரோலை மாதக்கணக்கில் சேர்த்து வைக்காமல், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கச் சொல்கிறார்கள். கடலோரத்துக்கு மட்டுமில்லை, வீட்டு மூலையில் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் ஸ்கூட்டருக்கும் இது பொருந்தும்.

தண்ணீரைத் தனியாகப் பிரித்து நிறுத்தும் வடிகட்டிகளும் கடைகளில் உண்டு. எண்ணெய்க் குழாயின் நடுவில் பொருத்திவிட்டு, கீழே இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தை அவ்வப்போது பார்த்து வடித்துவிட வேண்டும். நல்ல பொருள்தான். அதைப் பொருத்தியவர்களில் சிலர் கிண்ணத்தைப் பார்ப்பதில்லை என்பதும் உண்மை.

அன்று கரையேறிய பிறகும் மாமா திட்டவில்லை. அதுதான் மருமகனுக்குத் தாங்கவில்லையாம். சாயங்காலம் அவராகவே போய், "நான்தான் மாமா, பாக்காம ஊத்திட்டேன்" என்றிருக்கிறார். "தெரியும்" என்று சொல்லிவிட்டு வலையைத் தைத்துக்கொண்டிருந்தாராம் பெரியவர். கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்கம்மா போன் பண்ணுச்சு. மீனு நல்லா பட்டுச்சுன்னு மட்டும் சொன்னேன்" என்றாராம்.

இப்போது அவர்கள் கொட்டகையில் கேன்கள் உள்ளேதான் இருக்கின்றன. பலகை மேல் ஏற்றி, மூடியின் மேல் ஒரு பழைய கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். சீசன் முடிந்து ஊருக்குப் போகும்போது கேன்களைக் காலி செய்து, துடைத்து, வெயிலில் காயவைத்துத்தான் கொண்டுபோகிறார்கள். சமையல் பையில் கேசரிப் பவுடர் பொட்டலம் இரண்டு இருக்கிறது. கேசரி செய்வதாக யாருக்கும் எண்ணமில்லை.

அந்த விடியலில், அடியில் தண்ணீர் நின்ற கேன் ஓரமாகப் போகிறது. இளைஞர் இரண்டாவது கேனிலிருந்து பாட்டிலில் ஊற்றுகிறார். குலுக்குகிறார், மணலில் ஊன்றுகிறார், காத்திருக்கிறார். டார்ச்சை அடித்துப் பார்த்து, "சரியா இருக்கு மாமா" என்கிறார். பெரியவர் தலையாட்டிவிட்டுப் பாட்டிலை வாங்கித் தானும் ஒருமுறை தூக்கிப் பார்க்கிறார். பிறகு நால்வரும் சேர்ந்து படகைத் தள்ளுகிறார்கள்.